ஜனவரியில் கேட்டோம், அக்டோபரில் நனைந்தோம்: ஓர் இலைக் கணக்கு சாஃப்ட்வேரின் நிகழ்வு ஆய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பச்சை இலைக் கணக்கு எழுத நாங்கள் செய்த சாஃப்ட்வேர் முதல் தடவை மூன்றே நாளில் படுத்துவிட்டது. கோடில் பெரிய பிழை எதுவும் இல்லை, சர்வரும் ஒழுங்காகத்தான் ஓடியது. ரிக்வயர்மென்ட், அதாவது சாஃப்ட்வேர் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிய 11 பக்க ஆவணத்தில் இருந்த எல்லாமே எழுதியபடி வேலை செய்தது. கடைசிப் பக்கத்தில் முதலாளியின் கையெழுத்துகூட இருந்தது. ஆனாலும் மூன்றாம் நாள் சாயங்காலம், விவசாயிகளிடம் இலை எடை போட்டு வாங்கும் ஏஜென்ட் அண்ணன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, காதில் செருகியிருந்த பால்பாயின்ட் பேனாவை எடுத்து, பழைய நோட்டைத் திறந்துவிட்டார்.

இடம் கோத்தகிரிப் பக்கம். வாடிக்கையாளர், விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் தயாரிக்கும் ஒரு தனியார் தொழிற்சாலை; பெயர் வேண்டாம். நாங்கள் குன்னூரில் ஒரு மாடி அறையில் மூன்று பேர்.

தேயிலைக் கணக்கு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. நீலகிரியில் சிறு விவசாயிகளுக்கு ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்றுதான் பெரும்பாலும் தோட்டம் இருக்கும். பறித்த இலையை அவர்கள் இப்படித் தனியார் தொழிற்சாலைக்குக் கொடுப்பார்கள், இல்லையென்றால் இண்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின் கீழ் வரும் கூட்டுறவுத் தொழிற்சாலைக்குக் கொடுப்பார்கள். தனியார் பக்கம் பெரும்பாலும் நடுவில் ஒரு ஏஜென்ட் இருப்பார். ஹட்டி (இங்கே கிராமத்தை அப்படித்தான் சொல்வோம்) ஓரத்தில் தகரக் கூரை போட்ட இலை ஷெட், அதில் ஒரு தராசு, சாயங்காலமானால் லாரி. எடை போட்டு, கழிவு கழித்து, ஒரு சிட்டை கொடுப்பார்கள். பணம் அப்போதே வராது, விலையே அப்போது தெரியாது என்பதுதான் காரணம். தூள் குன்னூர் ஏலத்திலும் வெளியிலும் போன விலையை வைத்து, அதில் 65 பங்கு இலை கொடுத்தவருக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு என்ற கணக்கில் தேயிலை வாரியம் மாதாமாதம் மாவட்ட சராசரி விலையை அறிவிக்கும். அதற்கப்புறம்தான் பட்டுவாடா. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும், அதனால் எடையில் ஒரு கிலோ இப்படி அப்படி ஆனால் இரண்டு பக்கமும் வலிக்கும்.

இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். மூன்று பேரில் இரண்டு பேர் வீட்டில் தேயிலைத் தோட்டம் உண்டு. தெரியும் என்ற அந்த நினைப்புதான் கெடுத்தது.

முதல் சுற்று

ஜனவரியில் ரிக்வயர்மென்ட் எடுக்கப் போனோம். தொழிற்சாலை ஆபீஸ் அறை, முதலாளி, கணக்குப்பிள்ளை, அழைத்து உட்கார வைத்த இரண்டு ஏஜென்ட்கள், வர்க்கி, டீ. என்ன வேண்டும் என்று கேட்டோம். முதலாளி நிறையச் சொன்னார்: தினமும் எந்த ஷெட்டில் எவ்வளவு இலை என்று போனில் தெரிய வேண்டும், ஏஜென்ட் வாரியாக கிராஃப் வேண்டும், கழிவு தானாகக் கழிய வேண்டும். கணக்குப்பிள்ளைக்கு மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை ஒழிந்தால் போதும். ஏஜென்ட்கள் இருவரும் "சரிங்க, நல்லா இருக்கும்" என்றார்கள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் சம்மதம் என்று நாங்கள் குறித்துக்கொண்டோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டாண்டிஷ் குரூப் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம், சாஃப்ட்வேர் புராஜெக்ட்கள் ஏன் தோற்கின்றன என்று 1994இல் வெளியிட்ட கேயாஸ் அறிக்கையில், தள்ளாடும் புராஜெக்ட்களுக்கான காரணங்களில் முதல் இடம் பயன்படுத்துகிறவர்களின் பங்கு இல்லாததற்கு, இரண்டாம் இடம் அரைகுறை ரிக்வயர்மென்ட்டுக்கு, மூன்றாவது மாறிக்கொண்டே இருக்கும் ரிக்வயர்மென்ட்டுக்கு. அந்த அறிக்கையின் கணக்கு முறையைப் பலர் குறை சொல்லியிருக்கிறார்கள், அது வேறு விஷயம். இந்த வரிசை எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம், எங்களுக்கும்தான். அதனால்தானே ஏஜென்ட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம்! ஆனால் கூலி, கமிஷன், லாரி வாடகை எல்லாவற்றையும் முடிவு பண்ணுகிற ஆளுக்கு எதிரே உட்கார வைத்து, அவர் வாங்கிக் கொடுத்த வர்க்கியைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு என்ன சிரமம் என்று கேட்டால் யார் சொல்வார்கள்? பயன்படுத்துகிறவர் அறையில் இருந்தார், அவருடைய பேச்சு அறையில் இல்லை.

இன்னொன்று, அது ஜனவரி. உறைபனிக் காலம். இலை வரத்து குறைவு, வானம் சுத்தம், ஷெட்டில் ஆளே இல்லை. ஒரு ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தோம்தான், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஏஜென்ட் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டேன். பெயர், எடை, கழிவு, நிகர எடை என்று நாலு பத்தி. சில எண்களைச் சுற்றி நீல மையில் வட்டம் போட்டிருந்தது. அதைப் பார்த்தேன். கேட்கவில்லை. கூட்டிச் சரிபார்த்த அடையாளமாக இருக்கும் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். இந்த வட்டத்துக்கு அப்புறம் வருகிறேன்.

அக்டோபர்

வெளியிட்டது அக்டோபரில். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. இலை வரத்தும் அப்போது ஏறும். சாயங்காலம் நாலரை மணி, மூடுபனி ஷெட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, தகரத்தில் மழைச் சத்தம், இருபது முப்பது பேர் சாக்குகளோடு வரிசையில், லாரிக்காரர் வண்டியை அணைக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். ஏஜென்ட்டின் கை முழுக்க ஈரமும் இலைக் கறையும், தொட்டால் டச் ஸ்கிரீன் கேட்கவில்லை. வேட்டியில் துடைத்துத் துடைத்துத் தொடுகிறார். ஒரு விவசாயிக்கு ஆறு தடவை தொட வேண்டும். அதில் ஒன்று, விலை. விலைக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போக முடியாதபடி நாங்களே கட்டி வைத்திருந்தோம். முன்பு ஊட்டி காய்கறி மண்டி ஒன்றுக்குச் செய்த பில் சாஃப்ட்வேரிலிருந்து எடுத்த திரை அது. மண்டியில் விலை இல்லாமல் பில் போட முடியாது, இங்கே மாதம் முடியும் வரை விலையே கிடையாது. இது எங்களுக்குத் தெரியாத விஷயமா? மேலே நானே எழுதியிருக்கிறேனே. தெரிந்த விஷயம் ஆவணத்துக்குள் போகவே இல்லை, அவ்வளவுதான். எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் யாரும் எழுதவில்லை, எழுதாததால் யாரும் சரிபார்க்கவில்லை. ஏஜென்ட் அண்ணன் ஒவ்வொருவருக்கும் விலை 1 ரூபாய் என்று போட்டுத் தள்ளினார். சிட்டையில் அது அச்சாகி வந்தது. அதைப் பார்த்த ஓர் அக்கா, "கிலோ ஒரு ரூபாயா? அதுக்குச் செடியைப் பிடுங்கிட்டுப் போகச் சொல்லு" என்று கிளப்பிய சத்தத்தில் மூன்றாம் நாளோடு கதை முடிந்தது.

முதலாளி போனில் என்னிடம் நாகரிகமாகத்தான் பேசினார். "கையெழுத்து நான்தான் போட்டேன் தம்பி, ஒத்துக்கறேன். ஆனா இது எனக்கு வேண்டியது இல்லை."

ஷெட்டில் நின்ற நாட்கள்

இரண்டாம் சுற்றுக்கு முதலாளி காசு தரவில்லை, எங்கள் கைக்காசு. நானும் கூட வேலை பார்க்கும் பெண்ணும் மாறி மாறி ஷெட்டுக்குப் போனோம். லேப்டாப் எடுத்துப் போகவில்லை. முதல் சில நாள் கேள்வியே கேட்கவில்லை, சாக்கு பிடித்தோம். சாக்கு பிடிக்கிறவனிடம் பேசுவதற்கும் நோட்பேடு வைத்திருப்பவனிடம் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு.

அங்கே நான் கவனித்தது சண்டையை. எந்த நிமிஷத்தில் குரல் உயர்கிறது, எதற்கு உயர்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வந்தேன். ஆபீஸில் உட்கார்ந்து எடுத்த ரிக்வயர்மென்ட்டில் பாதிக்கு மேல் முதலாளிக்கு இருந்தால் நன்றாயிருக்கும் என்ற வகை. ஷெட்டில் குரல் உயர்கிற இடங்கள் எண்ணி நாலோ ஐந்தோதான், இத்தனை வருஷமாக நோட்டு அதைத்தான் எப்படியோ சமாளித்துக்கொண்டு வந்திருக்கிறது. சாஃப்ட்வேர் சமாளிக்க வேண்டியதும் அதையேதான்.

பெரிய சண்டை கழிவு. எங்கள் ஆவணத்தில் அது ஒரே ஒரு கட்டம், சதவீதம். ஷெட்டில் அது மூன்று வேறு விஷயம். ஒன்று சாக்கு எடை, இதில் யாருக்கும் தகராறு கிடையாது. இரண்டாவது தண்ணீர்: மழையில் பறித்த இலையில் ஒட்டியிருக்கும் ஈரத்துக்குக் கழிப்பது. இதை ஏஜென்ட் இலையைக் கையால் அள்ளி, ஒரு தடவை உதறி, கண் மதிப்பில் சொல்வார். காலையில் பறித்ததற்கு ஒன்று, மதியம் பறித்ததற்கு ஒன்று. மூன்றாவது கரட்டு இலை: இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக வர வேண்டியதில் முற்றிய இலை கலந்து வந்தால் கழிப்பது, இது சில சமயம் ஷெட்டில் தெரியும், சில சமயம் தொழிற்சாலையில் கொட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும். மூன்றையும் மூன்று வேறு ஆள், மூன்று வேறு நேரத்தில் முடிவு செய்கிறார்கள். முதலாளி 'கழிவு' என்றபோது கரட்டு இலையைச் சொன்னார், ஏஜென்ட் 'கழிவு' என்றபோது தண்ணீரைச் சொன்னார், கணக்குப்பிள்ளைக்கு அது மொத்தமும் சேர்ந்த ஓர் எண், நாங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரு சதவீதக் கட்டம் வரைந்தோம். ஒரே சொல்லை நாலு பேர் நாலு அர்த்தத்தில் பேசிக்கொண்டு ஒத்துப்போய்விட்டோம் என்று நினைத்த கதை இது.

சொல்லை மட்டும் திருத்தி எழுதினால் போதும் என்றும் இல்லை. 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயில் தொலைந்ததே, அங்கே மெட்ரிக் அளவில்தான் எண்கள் வர வேண்டும் என்று ஆவணத்தில் எழுதியே இருந்தது. வந்தது பவுண்ட் கணக்கில். எழுதியதை யாராவது தராசோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்த வட்டம். ஒரு மழை நாளில் வரிசை ஓய்ந்த பிறகு நோட்டைக் காட்டிக் கேட்டேன்.

"இது என்னண்ணா, சரிபார்த்ததா?"

"சரிபார்த்ததா? தகராறு தம்பி அது. கழிவை அவங்க ஒத்துக்கல. அங்க நின்னு பேசினா லாரி போயிடும். வட்டம் போட்டு வெச்சுட்டா மாசக் கடைசியில உக்காந்து பேசிக்கலாம்."

நான் கொஞ்ச நேரம் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத்தில் ஊதிப்போன தாள், கார்பன் கறை, வரிசையாக எண்கள், நடுவில் பக்கத்துக்கு மூன்று நாலு நீல வட்டம். அந்த ஷெட்டில் தினமும் அடிதடி இல்லாமல் இலை ஏறுவதற்குக் காரணமே அந்த வட்டம்தான். நாங்கள் கட்டிய திரையில் 'பதிவு செய்' என்று ஒரே பட்டன். அதைத் தொட்டால் எடையும் கழிவும் உறுதி, மாற்ற முடியாது, அதைப் பாதுகாப்பு அம்சம் என்று ஆவணத்தில் பெருமையாக வேறு எழுதியிருந்தோம். மழையில் நிற்கிற இரண்டு பேரை இப்போதே ஒத்துக்கொள், இல்லையென்றால் இலையைத் திருப்பிக் கொண்டு போ என்று சொல்லும் பட்டன் அது.

திருத்தி எழுதியது

இரண்டாவது ஆவணம் மூன்றரைப் பக்கம். எழுதும் முறைக்கு ஈயர்ஸ் என்ற வடிவத்தைப் பிடித்துக்கொண்டோம். ரோல்ஸ் ராய்ஸில் அலிஸ்டர் மேவினும் சக பொறியாளர்களும் விமான எஞ்சின் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்காக உருவாக்கி 2009இல் வெளியிட்டது. விஷயம் எளிது: எப்போது இது நடக்கிறதோ அப்போது சாஃப்ட்வேர் இதைச் செய்ய வேண்டும், இந்தத் தப்பு நடந்தால் இதைச் செய்ய வேண்டும் என்று நாலைந்து வாக்கிய அச்சுகள். தமிழுக்கு இது பாந்தமாகப் பொருந்துகிறது, 'எப்போது', 'அப்போது', 'நடந்தால்' எல்லாம் நம்மிடம் தயாராகவே இருக்கின்றன. ஆவணத்தையே தமிழில்தான் எழுதினோம், ஏஜென்ட்டும் படித்துத் திருத்த வேண்டும் என்பதற்காக. ஆங்கிலத்தில் இருந்த 11 பக்கத்தை அவர் புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

முதல் ஆவணத்தில் இருந்தது: "எடைப் பதிவு வேகமாகவும் எளிதாகவும் இருக்க வேண்டும்." இதை யார் மறுப்பார்கள், யார் சரிபார்ப்பார்கள்? இரண்டாவதில்: "பெயர் திரையில் வந்ததிலிருந்து சிட்டை கைக்கு வரும் வரை 20 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது, ஈரக் கையோடு, சிக்னல் இல்லாமல், வரிசையாக 30 பேருக்குப் போட்டுக் காட்ட வேண்டும்." 20 எங்கிருந்து வந்தது என்றால், நோட்டில் எழுதிச் சிட்டை கிழிக்க அவருக்கு எவ்வளவு ஆகிறது என்று வாட்ச் வைத்துப் பார்த்ததில் வந்தது. நோட்டைவிட மெதுவாக இருந்தால் அவர் நோட்டுக்குத்தான் போவார்.

கழிவுக்கு: "கழிவை விவசாயி ஒத்துக்கொள்ளாதபோது, ஏஜென்ட் வட்டம் போட்டால், சாஃப்ட்வேர் எடையை உறுதி செய்து கழிவை மட்டும் நிலுவையில் வைக்க வேண்டும், சிட்டையில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் அச்சாக வேண்டும்." ரிக்வயர்மென்ட் எழுதும் முறைக்கான 29148 சர்வதேசத் தரம், ஒரு வாக்கியம் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும், சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. நான் மேலே எழுதியதில் இரண்டு விஷயம் இருக்கிறது, தரத்தின்படி பிரித்திருக்க வேண்டும். பிரித்து எழுதியபோது ஏஜென்ட் அண்ணன் "இது என்ன, ஒண்ணையே ரெண்டு தரம் சொல்றீங்க" என்றார். சேர்த்துவிட்டோம். படிக்கிறவருக்குப் புரிவதுதான் முக்கியம் என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன், இதில் என் கூட்டாளிக்கு இன்றும் உடன்பாடில்லை.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி, யார் முடிவு என்று ஒரு பெயர். ஏன் என்ற வரி இல்லாததால் முதல் ஆவணத்தில் எதை வெட்டலாம் என்றே தெரியவில்லை. அதை எழுத ஆரம்பித்ததும் கிராஃப், ஓடிபி போட்டு உள்ளே நுழைவது, விவசாயிக்குத் தனி ஆப் எல்லாம் தானாகவே உதிர்ந்தன, ஏன் என்ற கட்டம் காலியாக இருந்ததால்.

சின்னச் சின்னதாகவும் சில கிடைத்தன. பாகம் பிரிக்காத தோட்டத்து அண்ணன் தம்பி, ஒரே எடை, கணக்கு இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. நோட்டில் பெயருக்கு நடுவே ஒரு கோடு போட்டால் முடிந்தது, எங்கள் டேட்டாபேஸில் ஒரு எடைக்கு ஒரு ஆள்தான். ஒரே ஹட்டியில் ஒரே பெயரில் நாலு பேர், அதனால் வீட்டு அடையாளத்தை வைத்துத் தேட வேண்டும்.

சிட்டைத் தாள் விஷயம் எங்களுக்குத் தோன்றியிருக்கவே வாய்ப்பில்லை. ஒரு பாட்டி தன் சுருக்குப் பையிலிருந்து நாங்கள் அக்டோபரில் அச்சடித்துக் கொடுத்த சிட்டையை எடுத்து விரித்தார். வெற்றிலைக்கும் புகையிலைக்கும் நடுவில் மாதம் முழுக்க இருந்த, மை இல்லாமல் சூட்டில் அச்சாகும் தெர்மல் தாள், வெளுத்துப்போய், எடை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தடம். "இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லு தம்பி" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அவருக்குப் பணம் வரும் வரை அந்தத் தாள்தான் சாட்சி. "சிட்டையில் எழுத்து 60 நாளைக்குப் பிறகும் படிக்கும்படி இருக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்ந்தது, கார்பன் பிரதி எடுக்கிற பழைய வகை பிரின்டருக்கு மாறினோம். சத்தம் போடும், கனம். ஆனால் எழுத்து நிற்கும்.

இப்போது

அடுத்த ஏப்ரலில், இலை ஏறுகிற நேரத்தில் மறுபடி இறக்கினோம். ஒரே ஒரு ஷெட்டில், நோட்டை மூடச் சொல்லாமல், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். கொஞ்ச நாளில் நோட்டு தானாக லாரிக்காரரின் கேபினுக்குப் போனது. வட்டப் பட்டனுக்கு நாங்கள் 'நிலுவை' என்று பெயர் வைத்திருந்தோம், யாரும் அப்படிச் சொல்லவில்லை. "வட்டம் போடுண்ணா" என்றுதான் கேட்கிறார்கள், பட்டனின் பெயரையும் மாற்றிவிட்டோம்.

ஒன்று மட்டும் முடியவில்லை. ஷெட்டில் போட்ட எடைக்கும் தொழிற்சாலை வாசலில் போடும் எடைக்கும் எப்போதும் வித்தியாசம் வரும், வழியில் ஈரம் காய்வதாலும் கொட்டுவதாலும். அந்தக் குறைச்சல் ஏஜென்ட் தலையில்தான் விழுகிறது. அதை ஈடுகட்ட எங்கே எப்படிக் கொஞ்சம் கூடுதலாகக் கழிக்கிறார்கள் என்பது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஜனவரிக் கூட்டத்தில் அந்த இரண்டு பேர் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான் என்று எனக்குப் பின்னால்தான் உறைத்தது. இது சாஃப்ட்வேர் தீர்க்கும் விஷயம் கிடையாது, குறைச்சலை யார் தாங்குவது என்று முதலாளி சொல்ல வேண்டும். ஆவணத்தில் 17ஆவது வரி அது. ஏன் என்ற கட்டம் நிரம்பியிருக்கிறது, 'முடிவு' கட்டத்தில் முதலாளி பெயர், தேதிக்கு நேரே இன்னும் காலி. மூன்று தடவை நினைவுபடுத்தினேன், "பார்க்கலாம் தம்பி" என்றார்.

போன வாரம் ஷெட்டுக்குப் போயிருந்தேன். லாரி கிளம்பிய பிறகு ஏஜென்ட் அண்ணன் கேபினிலிருந்து வாங்கி வைத்திருந்த அந்தப் பழைய நோட்டில் ஏதோ ஓர் எண்ணை எழுதி, வட்டம் போட்டு, மூடி, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வாசல் எடை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.